மகளுக்கு பி.டி.எஸ். இடம் கிடைக்கிறது, சேர்க்கலாமா?

நீட் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். எட்டவில்லை, பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். கிடைக்கும்போலத் தெரிகிறது, ஐந்து வருடம் என்னதான் படிக்க வேண்டியிருக்கும், எங்கே சிக்கிக்கொள்வார்கள், முடித்த பிறகு வழி என்ன, கல்லூரியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பதில் நீளமாகத்தான் வரும். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்; பாதிக்கு மேல் அவருக்கானதுதான்.

சேர்க்கலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு சேருங்கள். பல் மருத்துவம் கையால் செய்கிற தொழில். பாடம் எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணும் விரலும் பிடிக்காவிட்டால் அந்தப் படிப்பு நோயாளிக்குப் பயன்படாது. எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்திலேயே முதல் வருடத்தை ஓட்டுகிறவர்கள் இழப்பது இந்தக் கைப்பயிற்சியைத்தான். தியரியை ஸ்டடி ஹாலிடேயில் உட்கார்ந்து பிடித்துவிடலாம், கைப்பழக்கத்தை அப்படிப் பிடிக்க முடியாது. இன்னொரு முறை நீட் எழுதும் எண்ணம் இருந்தால் சேர்வதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இந்தப் படிப்பை நடத்த முடியாது.

சேர்க்கை விவரம் சுருக்கமாக: படிப்பு 4 வருடம், அதற்கு மேல் 1 வருடம் கட்டாயப் பயிற்சி. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி 85 சதவீதத்தை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டுக்கும் மாநிலக் கலந்தாய்வுதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு மத்தியக் கலந்தாய்வில் தனியாகப் பதிய வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு, மறக்காமல் அந்தப் பிரிவில் விண்ணப்பியுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் மட்டும் காரணமில்லை, அங்கே வரும் நோயாளிகளின் எண்ணிக்கையும் காரணம்.

முதல் வருடத்தில் மூன்று பாடங்கள்: உடற்கூறியல், உடலியங்கியலோடு உயிர்வேதியியல், பல் உடற்கூறியலும் வாய்த்திசுவியலும். ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி 100, பிராக்டிகல் 100. தியரியில் எழுத்துத் தேர்வு 70, வைவா 20, இன்டர்னல் 10. தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும். ஒன்றில் எடுத்தது மற்றதைக் காப்பாற்றாது. உடற்கூறியலில் தலை, கழுத்துப் பகுதியில் காட்டும் அக்கறைக்குப் பலன் மூன்றாம் வருடத்தில் தெரியும். ஐந்தாவது மூளை நரம்பின் கிளைகள் எந்த எலும்புத் துளை வழியாக வந்து எந்தப் பல்லுக்குப் போகின்றன என்பதைப் படம் போடாமல் படித்தவர்கள்தான் பிறகு ஊசி போடும்போது தடுமாறுகிறார்கள்.

இந்த வருடத்தின் உண்மையான பரீட்சை டூத் கார்விங். ஒரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அதில் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். கருவிகள் கொஞ்சம்தான்: லெக்ரான் கார்வர், மெழுகுக் கத்தி, ஸ்கேல், டிவைடர். மேல் நடு வெட்டுப் பல்லை எடுத்துக்கொள்வோம். பாடநூல் அளவுப்படி தலைப்பகுதி உயரம் 10.5 மி.மீ., வேர் நீளம் 13, தலைப்பகுதி அகலம் 8.5, தடிமன் 7. கழுத்தில் அகலம் 7, தடிமன் 6. கழுத்துக்கோடு முகத்தின் நடுவை நோக்கிய பக்கத்தில் 3.5 மி.மீ. வளையும், எதிர்ப்பக்கத்தில் 2.5 மட்டுமே. சில கல்லூரிகளில் இதையே இரண்டு மடங்கு அளவில் செதுக்கச் சொல்வார்கள்.

முறை இதுதான். முதலில் பக்கவாட்டு வடிவத்தைக் கட்டியில் வரைந்து, கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் வெளியே நின்று வெட்ட வேண்டும். வெட்டிய பரப்பின் மேல் முன்பக்க வடிவத்தை வரைந்து அதையும் வெட்ட வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் மூலைகளை உருட்டத் தொடங்கலாம். பெரும்பாலோர் அவசரப்பட்டு ஒரு பக்கத்தை உருட்டி அழகாக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகிறார்கள். அதோடு அளவெடுக்க நேர்ப்பரப்பு இல்லாமல் போகிறது. மதிப்பெண் போகும் இன்னொரு இடம் கடிவிளிம்பின் மூலைகள். நடுக்கோட்டுப் பக்க மூலை கூர்மையாகவும், வெளிப்பக்க மூலை உருண்டும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அது வலப்பல்லா இடப்பல்லா என்றே சொல்ல முடியாது, தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஆழமாக வெட்டிவிட்ட இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றினால் ஒட்டுத் தெரியும், ஆகவே சீவல் எப்போதும் மெல்லியதாகவே வர வேண்டும். நம் ஊர் வெயிலில் கட்டி கைச்சூட்டிலேயே இளகும். அவ்வப்போது தண்ணீரில் போட்டு எடுத்தால் கார்வர் சுத்தமாக வெட்டும். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் ஐந்து முகடுகளையும் இரண்டு வேர்களையும் ஒழுங்காகக் கொண்டுவரத் தெரிந்துவிட்டால், பின்னாளில் சொத்தையை அடைக்கும்போது அந்தப் பல்லின் வடிவத்தைத் திரும்ப உருவாக்கக் கை தானாக வரும்.

இரண்டாம் வருடத் தியரியில் நோய்க்குறியியலும் நுண்ணுயிரியலும், மருந்தியல், டென்டல் மெட்டீரியல்ஸ் எனப்படும் பல் சிகிச்சைப் பொருள்கள். மருந்தியலைத் தாண்டுவதில்தான் பலருக்கும் பயம். ஆனால் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மெட்டீரியல்ஸ், அது தவறு. பல் மருத்துவர் வேலை நாள் முழுக்கக் கலக்குவதும் ஊற்றுவதும் இறுகவைப்பதும் அந்தப் பாடத்தில் இருப்பவற்றைத்தான். 100 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 45 முதல் 50 மி.லி. தண்ணீர், அதைவிடக் கடினமாக இறுகும் டென்டல் ஸ்டோன் தூளில் அதே அளவுக்கு 28 முதல் 30 மி.லி. போதும். கலக்கச் சுலபமாக இருக்கிறதென்று தண்ணீரைக் கூட்டினால் மாடல் இறுகிய பின் சுண்ணாம்புபோல உதிரும். தண்ணீரை முதலில் ஊற்றி அதன்மேல் தூளைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் காற்றுக்குமிழ் சிக்கும், அந்தக் குமிழ் சரியாகப் பல்லின் விளிம்பில்தான் போய் உட்காரும். அல்ஜினேட் என்ற பசையால் வாயில் எடுத்த அச்சில் கால் மணி நேரத்துக்குள் மாடலை ஊற்றிவிட வேண்டும். வெளியே வைத்தால் ஈரம் கசிந்து சுருங்கும், தண்ணீரில் போட்டுவைத்தால் உறிஞ்சி உப்பும். இரண்டிலும் அளவு கெடும்.

இதே வருடத்தில் ப்ரீகிளினிக்கல் ப்ராஸ்தோ, அதாவது நோயாளியைத் தொடுவதற்கு முன் செயற்கைப் பல் செய்து பழகும் ஆய்வகத்தில் முழுப் பல் செட் ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மாணவர்களே செய்ய வேண்டும். பற்களை அடுக்குவதற்கான மெழுகு வரம்பை ரிம் என்பார்கள்; மேல் தாடை ரிம்மின் முன்பக்க உயரம் 22 மி.மீ., கீழ்த்தாடைக்கு 18 மி.மீ. இந்த அளவில் ரிம் கட்டி, தாடை அசைவைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் ஏற்றி, பற்களை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். மேல் நடு வெட்டுப் பல், மேல் கீழ்ப் பற்கள் கடித்துச் சேரும் கடிதளத்தைத் தொட வேண்டும், பக்க வெட்டுப் பல் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும், கோரைப்பல் மறுபடியும் தளத்தைத் தொட வேண்டும். ஆறு பல்லும் ஒரே நேர்கோட்டில் நின்றால் அது பார்த்தவுடனே பொய்ப்பல்லாகத் தெரியும்.

அடுக்கியது அழகாக இருந்தும் பல் செட் கெடுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், பல் செட்டின் அடிப்பகுதியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வேகவைக்கும்போதுதான். தூளும் திரவமும் கன அளவில் 3:1. கலவை முதலில் மணல்போல இருக்கும், பிறகு நூல்நூலாக இழுக்கும், அதன்பின் பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்து ஜாடியின் சுவரில் ஒட்டாமல் திரண்டு நிற்கும். அந்தப் பதத்தில்தான் அச்சுக்குள் அடைக்க வேண்டும். நூல் பதத்தில் அடைத்தால் அழுத்தம் பிடிக்காமல் வழியும். ரப்பர் பதத்துக்குப் போனபின் அடைத்தால் நுணுக்கங்களுக்குள் பாயாது, அடுக்கிய பல்லையும் நகர்த்திவிடும். பிறகு அச்சு இருக்கும் உலோகப் பெட்டியான ஃபிளாஸ்க்கைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 74 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், அல்லது 74-இல் 2 மணி நேரம் வைத்து 100-க்கு ஏற்றி 1 மணி நேரம். நேரத்தை மிச்சம்பிடிக்க நேராகக் கொதிநீரில் போட்டால், வினையில் பிறக்கும் சூடும் சேர்ந்து தடித்த பகுதிக்குள் வெப்பம் ஏறும். அங்கே இருக்கும் மோனோமர், அதாவது கலவையின் திரவம், 100.8 டிகிரியில் கொதிப்பது; அது ஆவியாகி உள்ளுக்குள் குமிழ் குமிழாக நிற்கும். பாலிஷ் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும், அப்போது செய்ய ஒன்றுமில்லை. அவசரமாகக் குளிர்ந்த நீரில் ஆறவைத்தாலும் செட் முறுக்கிக்கொள்ளும்.

சொத்தை அடைக்கப் பழகும் ப்ரீகிளினிக்கல் கன்சர்வேட்டிவில் முதலில் பெரிய பிளாஸ்டர் மாடல்களில் குழி வெட்டுவார்கள், பிறகு டைபோடான்ட் எனும் மாதிரித் தாடையின் பற்களில் ஏரோட்டர் எனும் அதிவேகத் துளைக்கருவியைப் பிடிப்பார்கள். ஏரோட்டர் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் சுற்றுச் சுற்றுவது. அதை அழுத்தவே கூடாது, தூரிகைபோலத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்ளாமல் ஏரோட்டரின் வெட்டுமுனையான பர்ரைப் பல்லில் வைக்கக் கூடாது, இந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவில் வரும் சொத்தைக்கு அமால்கம் எனும் உலோகக் கலவையை அடைக்கும் குழிதான் இதில் கடினம். மேற்பகுதியின் ஆழம் சுமார் 1.5 மி.மீ., அதாவது எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் கொஞ்சம். அகலம் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையிலான தூரத்தில் கால் பங்கு. விளிம்புக்கோணம் 90 டிகிரி. கீழே பக்கத்துப் பல்லிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகல். அகலம் மீறினால் பல்லின் முகடு பலவீனமாகி உடையும், ஆழம் குறைந்தால் அடைப்பே நடுவில் முறியும். பக்கத்துப் பல்லில் பர் பட்டுக் கீறுவதுதான் மாணவர்கள் எல்லோரும் செய்வது. குழியின் பக்கச்சுவரில் மெல்லிய எனாமல் தகட்டை விட்டுவைத்து, கடைசியில் கைக்கருவியால் உடைத்து எடுத்தால் இதைத் தவிர்க்கலாம். அடைப்புக்குச் சுவராகப் பல்லைச் சுற்றி மாட்ரிக்ஸ் பட்டை கட்டும்போது மர ஆப்பு வைக்க மறந்தால் அடைப்புப் பொருள் ஈறுக்குள் பிதுங்கும், பிறகு அந்த இடத்தில் உணவு தங்கி ஈறு வீங்கிக்கொண்டே இருக்கும்.

மேல்தாடைப் பற்களில் நேராகப் பார்த்து வேலை செய்ய முடியாது, கண்ணாடியில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இதைக் கிளினிக்குக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் வரைபடத்தாளில் கட்டங்களும் வளைவுகளும் வரைந்து, கையை மறைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பார்த்தே அந்தக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். தினம் கால் மணி நேரம் செய்தால் போதும். கண்ணாடியில் பார்க்கத் தெரியாதவர்கள்தான் கழுத்தைத் திருப்பி, இடுப்பை வளைத்து நின்று, படிப்பு முடிவதற்குள் முதுகுவலி வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வருடத்தில் பொது மருத்துவம், பொது அறுவை, வாய் நோய்க்குறியியல். முதல் இரண்டும் நமக்கெதற்கு என்று மாணவர்கள் நினைப்பார்கள். பல் பிடுங்க வருகிற அறுபது வயதுக்காரர் ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை எவ்வளவு, இதய வால்வு மாற்றியிருக்கிறாரா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறாரா என்று கேட்காமல் பல் பிடுங்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸைத் தொடக் கூடாது. அந்தப் பதில்களை வைத்து என்ன செய்வது என்பதைச் சொல்லித்தருவது இந்த இரண்டு பாடங்கள்தான். ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நோயாளியிடம் நாமாக நிறுத்தச் சொல்வது பல்லை விடப் பெரிய ஆபத்தில் போய் முடியலாம்.

இந்த வருடம்தான் ஓ.பி. எனப்படும் புறநோயாளிகள் பிரிவில் போஸ்டிங் தொடங்குகிறது. கேஸ் ஷீட் எழுதுவது, ஸ்கேலிங், சிறு அடைப்புகள், பல் பிடுங்குதல் என்று வரிசையாக வரும். இதில் எல்லோரையும் சோதிப்பது கீழ்த்தாடைக்கு மரத்துப்போகப் போடும் பிளாக் ஊசி. நோயாளி வாயை நன்றாகத் திறக்க வேண்டும். கட்டைவிரலால் தாடை எலும்பின் முன் விளிம்பில் உள்ள பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு, எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலிருந்து சிரிஞ்சைக் கொண்டுவந்து, கடிதளத்துக்கு 6 முதல் 10 மி.மீ. உயரத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். 20 முதல் 25 மி.மீ. உள்ளே போனதும் எலும்பு தட்டுப்படும். ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து, பிஸ்டனைப் பின்வாங்கி ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, 1.5 மி.லி. மருந்தை ஒரு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும்.

தவறு எங்கே என்று எலும்பே சொல்லிவிடும். பாதி ஊசிகூடப் போகாமல் எலும்பு தட்டினால் முனை முன்னால் நிற்கிறது. சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கோரைப்பல் பக்கமாகக் கொண்டுவந்து திருத்த வேண்டும். முழுதும் போயும் தட்டவில்லை என்றால் முனை பின்னால் போய்விட்டது. சிரிஞ்சைக் கடைவாய்ப் பற்களின் பக்கமாக நகர்த்த வேண்டும். தட்டாமலே மருந்தைச் செலுத்தினால் அது காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய், முகநரம்பு மரத்து, நோயாளியால் அந்தப் பக்கக் கண்ணைச் சில மணி நேரம் மூட முடியாமல் போகும். உதட்டில் மரப்பு வந்தும் பல் வலிக்கிறது என்றால் நோயாளி பாசாங்கு செய்கிறார் என்று எண்ணாதீர்கள். கன்னப்பக்க ஈறுக்கு வேறு நரம்பு, அதற்குத் தனியாகக் கொஞ்சம் போட வேண்டும். சீழ் கட்டிய இடத்திலும் மருந்து சரியாக வேலை செய்யாது.

மருந்தின் அளவையும் மனதில் கணக்கிடப் பழக வேண்டும். மரத்துப்போகப் போடும் 2 சதவீத லிக்னோகெய்னில் 1 மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது. அட்ரினலின் சேர்ந்ததற்குப் பெரியவர்களுக்கு உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி., அதிலும் மொத்தம் 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 4.4 என்றே கணக்கிடுவது பாதுகாப்பு. 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி., அதாவது 3.3 மி.லி.தான் எல்லை. நாலு பக்கமும் ஊசி போட்டால் அந்த எல்லை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று பாருங்கள்.

பல் பிடுங்குவதில் பலம் பெரிதில்லை. ஃபோர்செப்ஸின் அலகு ஈறுக்குக் கீழே, வேரின் மேல் போய் உட்கார வேண்டும். தலைப்பகுதியைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே நிற்கும். மேல் கடைவாய்ப் பல் ஃபோர்செப்ஸில் கூர் உள்ள அலகு கன்னப்பக்கம் வர வேண்டும், அங்கேதான் இரண்டு வேர்களுக்கு நடுவில் அது நுழையும். மேல் நடு வெட்டுப் பல் ஒற்றை வேர், கூம்பு வடிவம், அதைத் திருகலாம். கடைவாய்ப் பல்லைத் திருகினால் வேர் முறியும். பிடுங்கிய மூன்றாம் நாள் தாங்க முடியாத வலியோடு ஒருவர் திரும்பி வந்தால், குழியில் ரத்தக்கட்டி இல்லாமல் எலும்பு வெறுமையாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், புகைக்காதீர்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லாததன் விளைவாக இருக்கும்.

இறுதியாண்டில் எட்டுப் பாடங்கள், எல்லாம் பல் துறை சார்ந்தவை. பாடத்தை விட அதிகம் அலைக்கழிப்பது கோட்டா. ஒவ்வொரு துறையும் இத்தனை பல் செட், இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை அடைப்பு முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வைத்திருக்கும். எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முழுப் பல் செட்டுக்கு நோயாளி குறைந்தது ஐந்து முறையாவது வர வேண்டும். வேலைக்குப் போகிறவர் மூன்றாம் முறையோடு நின்றுவிடுவார், மாணவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே பல் செட் கேஸை வருடத் தொடக்கத்திலேயே பிடித்துவிட வேண்டும். வேர் சிகிச்சையில் எக்ஸ்ரே எடுத்து நீளம் உறுதிசெய்யாமல், வேர்க்குழாயைச் சுரண்டும் ஊசிபோன்ற ஃபைலைச் சுற்றக் கூடாது, வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். 15-ஆம் எண் வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் வேருக்குள் படிபோல வெட்டு விழும், அதன்பின் எந்த ஃபைலும் நுனிக்கு இறங்காது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவது வேர்க்குழாயைத் தேடாமல் விடுவதுதான், சிகிச்சை முடிந்தும் வலி நீடிப்பதற்கு அடிக்கடி கிடைக்கும் காரணம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். ஓ.பி.யில் கை வைப்பதற்கு முன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும், ஆகவே முதல் வருடமே தொடங்குங்கள். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி அளவு 10 mIU/mL-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடக் கூடாது. மூடியை மேசையில் வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்க வேண்டும். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, பிதுக்காமல், உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மகளிடம் இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கருவிகள் செலவு கட்டணத்துக்கு மேல் தனியாக வரும். கல்லூரி கொடுக்கும் பட்டியல் முழுவதையும் முதல் மாதமே வாங்காதீர்கள். ஆர்ட்டிகுலேட்டர், ஃபிளாஸ்க், டைபோடான்ட் இவை சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். கார்வர், பர், ஃபைல் மூன்றை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். மழுங்கிய பர் சூட்டைக் கிளப்பும், பழைய ஃபைல் வேருக்குள்ளேயே முறியும்.

நாலு வருடம் முடிந்ததும் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் சுழற்சிப் பயிற்சி. வாய் அறுவைக்கும் ப்ராஸ்தோவுக்கும் ஒன்றரை மாதம் வீதம், மற்ற பெரும்பாலான துறைகளுக்கு ஒரு மாதம் வீதம், சமூகப் பல் மருத்துவத்துக்கு மூன்று மாதம் என்பது ஒழுங்குமுறையில் உள்ள பகிர்வு. இந்த ஒரு வருடத்தை பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். புத்தகத்தோடு விடுதி அறையில் கழிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம் என்பேன். மேலே ஒரு ஆசிரியர் நின்று தவறைத் திருத்தும் கடைசி வருடம் இதுதான். இதை முடித்துத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிந்த பிறகுதான் தனியாக நோயாளியைப் பார்க்கலாம். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், உரிமத்துக்கு ஒரு தேசிய வெளியேறும் தேர்வுக்கும் வழி வைத்திருக்கிறது. இப்போது சேர்கிறவர்கள் அதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

பிறகு என்ன? எம்.டி.எஸ். 3 வருடம், ஒன்பது துறைகள். நுழைவுத்தேர்வில் 240 கேள்விகள், 960 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். அரசுப் பணியில் உதவிப் பல் மருத்துவர் இடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடமும் கொஞ்சம். ராணுவப் பல் மருத்துவப் பிரிவு இன்னொரு வழி. இங்கிலாந்து, அமெரிக்கா, வளைகுடா எல்லாவற்றுக்கும் தனித்தனித் தேர்வும் செலவும் உண்டு, அமெரிக்காவில் மறுபடி இரண்டு மூன்று வருடம் படிக்க வேண்டியிருக்கும். மீதிப்பேர் தனியார் கிளினிக்கில்தான் தொடங்குகிறார்கள், ஆரம்பச் சம்பளம் குறைவாகவே இருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் நன்மையில்லை. கடன் வாங்கிப் படிக்கவைப்பதாக இருந்தால், படிப்பு முடிந்து மூன்று நாலு வருடம் தவணை கட்ட வேறு வருமானம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள். சொந்தக் கிளினிக் வைக்கும்போது நாற்காலியின் விலையை மட்டும் எண்ணக் கூடாது. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, மருத்துவக் கழிவுக்கு அனுமதி, மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு, கருவிகளைக் கிருமிநீக்க நல்ல ஆட்டோகிளேவ் எல்லாம் வேண்டும்.

இனிக் கல்லூரித் தேர்வு. கட்டடத்தையும் இணையதளத்தையும் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில், திங்கட்கிழமையானால் நல்லது, காலை பத்து மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அந்தக் கல்லூரியின் ஓ.பி.க்கு நோயாளியாகப் போய் உட்காருங்கள். பதிவுச் சீட்டில் அன்றைய வரிசை எண் என்ன என்று பாருங்கள். எத்தனை நாற்காலியில் நோயாளி இருக்கிறார், எத்தனை உறைபோட்டு மூடிக் கிடக்கிறது, ஒரு நோயாளி முடிந்ததும் துளைக்கருவியின் கைப்பிடியான ஹேண்ட்பீஸை மாற்றுகிறார்களா, துணியால் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைக்கிறார்களா என்று கவனியுங்கள். பயிற்சி மருத்துவர் ஒருவரை ஓரமாக நிறுத்தி, இதுவரை எத்தனை பல் பிடுங்கியிருக்கிறீர்கள், வேர் சிகிச்சை எத்தனை தனியாக முடித்திருக்கிறீர்கள், கோட்டாவுக்கு நோயாளியை நீங்களே காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம். ஊருக்கு வெளியே பேருந்து வசதியில்லாமல் நிற்கும் கல்லூரிகளில் இந்தச் சிக்கல் அதிகம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன், இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அந்தக் கல்லூரிக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.